நடுங்காத கை

நுழையும்முன்

பல் மருத்துவம் பயிலும் மாணவர், முதன்முறையாக ஒருவரின் வாய்க்குள் ஊசியைச் செலுத்தும் கணம் எளிதானதன்று. நாற்காலியில் சாய்ந்திருப்பவர் வலிக்கு அஞ்சுகிறார். ஊசியைப் பிடித்திருப்பவர் தம் கை தவறிவிடுமோ என்று அஞ்சுகிறார். இவ்விரு அச்சங்களையும் நீக்கும் வழியைத் தேடித் தந்த பெருமை ஒரே மனிதருக்கு உண்டு. பற்களுக்குச் செல்லும் நரம்பை மரத்துப்போகச் செய்தவர் அவர். மருத்துவம் கற்போர் படிப்படியாகத் துணிவு பெறும் பயிற்சி முறையை அமெரிக்க மண்ணில் வேரூன்றச் செய்தவரும் அவரே. அறிவியலுக்குத் தம் உடலையே களமாக்கி, அதனால் பெருந்துன்பமுற்று, அத்துன்பத்தின் நடுவிலும் அரும்பணியாற்றிய வில்லியம் ஸ்டூவர்ட் ஹால்ஸ்டெட்டின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

ஹால்ஸ்டெட் 1852ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் நியூயார்க் நகரில், செல்வ வளம் மிக்க வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். யேல் கல்லூரியில் பயின்ற காலத்தில் அவரது உள்ளத்தை ஈர்த்தவை நூல்கள் அல்ல. விளையாட்டுத் திடலே அவரது உலகமாக இருந்தது. கல்லூரிக் கால்பந்து அணிக்குத் தலைமை தாங்கிய அவரைப் பின்னாளில் பேரறிஞராக விளங்கப்போகிறவர் என்று அன்று எவரும் எண்ணியிருக்க இயலாது. படிப்பின் இறுதி ஆண்டில் உடற்கூற்றியல் நூல் ஒன்றையும் உடலியங்கியல் நூல் ஒன்றையும் வாங்கினார். அவற்றைப் படிக்கப் படிக்க மனித உடலின் அமைப்பு அவரை வியப்பில் ஆழ்த்தியது. 1874இல் பட்டம் பெற்றதும் நியூயார்க்கில் மருத்துவக் கல்வியில் சேர்ந்தார்; 1877இல் மருத்துவரானார்.

பயிற்சி மருத்துவராகப் பணியாற்றிய நாள்களிலேயே அவரது ஒழுங்கு வெளிப்பட்டது. நோயாளியின் உடல் வெப்பம், நாடித்துடிப்பு, மூச்சு ஆகியவற்றை ஒரே தாளில் வரைபடமாகப் பதிவு செய்யும் முறையை நியூயார்க் மருத்துவமனையில் அவர் புகுத்தினார். 1878இல் ஐரோப்பா சென்று, வியன்னா, லைப்சிக், பெர்லின் முதலிய நகரங்களில் புகழ்பெற்ற அறுவை மருத்துவர்களின் பணியை நேரில் கண்டு கற்றார். அங்கே இளம் மருத்துவர்கள் பல ஆண்டுகள் பேராசிரியரின் அருகிலேயே இருந்து, சிறு பொறுப்புகளிலிருந்து பெரும் பொறுப்புகளுக்கு உயர்ந்ததை அவர் கூர்ந்து நோக்கினார். அக்காட்சி அவரது நெஞ்சில் விதையாக விழுந்தது. அது முளைக்க மேலும் பத்தாண்டுகள் தேவைப்பட்டன.

துணிவு மிக்க மருத்துவர்

1880இல் தாயகம் திரும்பிய ஹால்ஸ்டெட், நியூயார்க்கின் பல மருத்துவமனைகளில் ஓய்வின்றி உழைத்தார். பகலில் அறுவை மருத்துவம், மாலையில் மாணவர்க்குப் பாடம் என அவரது நாள்கள் விரைந்தன. அறுவை அறையில் கிருமிகள் புகாதிருக்க வேண்டும் என்னும் கருத்தைப் பலர் ஏற்காத காலம் அது. பெல்வியூ மருத்துவமனையின் வளாகத்தில் தனியே ஒரு கூடாரம் அமைத்து, அதனுள் தூய்மை பேணி அறுவை செய்தார் அவர்.

1881இல் அவருடைய தமக்கையோ தங்கையோ என்ற வேறுபாடின்றி அவர் பெரிதும் நேசித்த உடன்பிறந்தாள் ஒருத்தி, மகப்பேற்றுக்குப் பின் குருதிப்போக்கால் உயிருக்குப் போராடினாள். ஹால்ஸ்டெட் தம் நாளத்திலிருந்து குருதியை எடுத்து அவளுக்குச் செலுத்தினார், அவள் பிழைத்தாள். அடுத்த ஆண்டு, பித்தப்பை நோயால் துடித்த தம் தாய்க்கு, நள்ளிரவு கடந்த வேளையில் வீட்டுச் சமையலறை மேசைமீதே அறுவை செய்து கற்களை அகற்றினார். தாயும் நலம் பெற்றார். குருதியில் பிரிவுகள் உண்டு என்பதே அன்று அறியப்படவில்லை. அவ்வுண்மை 1901இல்தான் வெளிப்பட்டது. எனவே, உடன்பிறந்தாளைக் காத்ததில் அவரது துணிவுக்கும் பங்கு உண்டு. நற்பேற்றுக்கும் பங்கு உண்டு. இத்தகைய துணிவு எப்போதும் நன்மையே பயக்கும் என்று சொல்வதற்கில்லை என்பதை அவரது வாழ்வே விரைவில் காட்டியது.

நரம்பைத் தேடிய ஊசி

பல் பிடுங்குதல் என்றாலே மக்கள் நடுங்கிய காலம் நெடுங்காலம் நீடித்தது. 1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் என்னும் பல் மருத்துவர், ஈதர் ஆவியை நுகரச் செய்து நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தினார். அறுவை வலியின்றி நிகழ்ந்தது. அது மாபெரும் திருப்பம் என்பதில் ஐயமில்லை. எனினும், ஒரு பல்லின் வலியைப் போக்க உடல் முழுவதையும் உறங்கச் செய்வது இடர் மிகுந்த செயலாகவே இருந்தது. வலிக்கும் இடத்தை மட்டும் மரக்கச் செய்ய வழியுண்டா என்னும் வினா விடையின்றி நின்றது.

அவ்வினாவிற்கு 1884இல் விடை பிறந்தது. வியன்னாவில் பணியாற்றிய கார்ல் கோலர் என்னும் இளம் கண் மருத்துவர், கோக இலையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட கொக்கெயின் கரைசலைச் சில சொட்டுகள் விட்டால் கண்ணின் மேற்பரப்பு உணர்விழக்கிறது என்று கண்டறிந்தார். செப்டம்பர் மாதம் ஹைடெல்பர்க் நகரில் கூடிய கண் மருத்துவர் மாநாட்டில் இச்செய்தி அறிவிக்கப்பட்டது. சில வாரங்களில் கடல் கடந்து அமெரிக்க மருத்துவ இதழ்களையும் அது எட்டியது.

செய்தியைப் படித்த ஹால்ஸ்டெட்டின் சிந்தனை ஒருபடி மேலே சென்றது. கோலர் மருந்தை மேற்பரப்பில் இட்டார். ஓரிடத்தின் உணர்வை மூளைக்குச் சுமந்து செல்லும் நரம்பின் அருகிலேயே மருந்தை ஊசியால் செலுத்தினால் என்ன நிகழும்? ஆற்றின் தலைப்பில் மடையை அடைத்தால் கீழுள்ள கால்வாய்கள் யாவும் வற்றுவதுபோல, அந்நரம்பு ஆளும் பகுதி முழுவதும் உணர்விழக்க வேண்டும் அல்லவா? இக்கருத்தைச் சோதிக்க ரிச்சர்ட் ஹால் உள்ளிட்ட தோழர்களும் மருத்துவ மாணவர் சிலரும் அவருடன் இணைந்தனர். அவர்கள் தம் உடல்களிலேயே ஊசி போட்டுக்கொண்டு ஆய்வு செய்தனர்.

கீழ்த்தாடையின் பற்களுக்குரிய நரம்பு, தாடை எலும்பின் பின்பகுதியில், உட்புறத்திலுள்ள ஒரு சிறு துளை வழியாக எலும்பினுள் நுழைகிறது. அவ்வாறு நுழைவதற்கு முன்பே அதனை மரக்கச் செய்தால், அப்பக்கத்துக் கீழ்ப்பற்கள் அனைத்தும் உதட்டின் பாதியும் உணர்விழக்கும். உடற்கூற்றியலை ஐயமறக் கற்றிருந்த ஹால்ஸ்டெட், அந்நரம்பு செல்லும் இடத்தைக் கணித்து மருந்தைச் செலுத்தினார். எதிர்பார்த்தபடியே தாடை மரத்தது. 1884ஆம் ஆண்டு முடிவதற்குள் இச்செய்தி இதழில் வெளிவந்தது. பல் மருத்துவ வரலாற்றின் புதிய பக்கம் அங்கே திறந்தது.

கொடுத்த விலை

வெற்றியின் மறுபக்கம் இருண்டிருந்தது. கொக்கெயின் மனிதரை அடிமைப்படுத்தும் கொடிய நஞ்சு என்பதை அன்றைய மருத்துவ உலகம் உணர்ந்திருக்கவில்லை. எவ்வளவு மருந்து பாதுகாப்பானது, எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லித்தர முன்னோடி எவரும் இல்லை. மீண்டும் மீண்டும் தம்மீதே ஊசி போட்டுக்கொண்ட அவ்விளைஞர்கள், தாம் அறியாமலேயே அதன் பிடிக்குள் சிக்கினர். அவர்களுள் சிலரது வாழ்வு அதிலிருந்து மீளாமலேயே அழிந்தது.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு அறுவைகளில் இம்முறையைப் பயன்படுத்தித் தாம் கண்ட பயன்களைப் பற்றி 1885இல் ஹால்ஸ்டெட் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெளிவுக்குப் பெயர்பெற்ற அவருடைய எழுத்து, அக்கட்டுரையில் தொடர்பறுந்து தடுமாறியது. அவரது நிலையை அக்கட்டுரையே ஊரறியக் காட்டிவிட்டது. பணிக்குச் செல்வதும் குறைந்தது. 1886இல் நண்பர்களின் வற்புறுத்தலால் ராட் தீவு மாநிலத்தின் பட்லர் மருத்துவமனையில் சேர்ந்து, ஏழு மாதங்கள் தங்கினார். அடுத்த ஆண்டும் அங்கே செல்ல நேர்ந்தது. அக்கால வழக்கப்படி கொக்கெயினுக்கு மாற்றாக அவருக்கு மார்பின் தரப்பட்டது. ஒரு தளை தளர்ந்தது. மற்றொரு தளை இறுகியது. அதன்பின் நெடுங்காலம் மார்பின் பழக்கம் அவரைத் தொடர்ந்ததை, உடன் பணியாற்றிய வில்லியம் ஆஸ்லர் எழுதி மறைவாக வைத்திருந்த குறிப்பின் வழியே 1969இல் உலகம் அறிந்தது.

மீண்டெழுந்த வாழ்வு

வீழ்ந்தவரைத் தாங்கிப் பிடிக்க ஒரு நண்பர் இருந்தார். நோய்க்கூற்றியல் அறிஞர் வில்லியம் வெல்ச், ஹால்ஸ்டெட்டைப் பால்டிமோர் நகருக்கு அழைத்துத் தம் ஆய்வகத்தில் இடமளித்தார். நியூயார்க்கில் மின்னலாய்ச் சுழன்ற மருத்துவர், இங்கே அமைதியும் பொறுமையும் உடையவராக மாறினார். குடலின் எந்தப் படலம் தையலைத் தாங்கும் வலிமையுடையது என்பதை நுணுகி ஆராய்ந்து கண்டறிந்தார். 1889இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறக்கப்பட்டபோது அங்கே பணியேற்றார். 1890இல் தலைமை அறுவை மருத்துவராகவும், 1892இல் அறுவை மருத்துவப் பேராசிரியராகவும் உயர்ந்தார்.

விரைந்து அறுப்பவரே வல்லவர் என்று போற்றப்பட்ட காலத்தில், ஹால்ஸ்டெட் மெல்லச் செய்தார். திசுக்களை மென்மையாகக் கையாளுதல், குருதிக்கசிவை முற்றிலும் நிறுத்துதல், மெல்லிய பட்டு நூலால் தைத்தல், தூய்மையைக் கண்போலக் காத்தல் ஆகியவை அவர் வகுத்த நெறிகள். இன்றைய அறுவை மருத்துவத்தின் அடிப்படைகளாக அவை நிலைத்துள்ளன.

தெரிந்து தெளிவோம்

அறுவை அறையில் ஹால்ஸ்டெட்டுக்கு உதவிய தலைமைச் செவிலியர் கரோலின் ஹாம்ப்டனின் கைகள், கிருமிநாசினிக் கரைசலால் புண்ணாயின. அவற்றைக் காக்கும் பொருட்டு, மெல்லிய ரப்பர் கையுறைகளைச் செய்து தருமாறு குட்இயர் ரப்பர் நிறுவனத்தை ஹால்ஸ்டெட் கேட்டுக்கொண்டார். ஒருவரின் கைகளைக் காக்க வந்த கையுறை, நோயாளிகளைக் கிருமிகளிலிருந்து காப்பதும் பின்னர் உணரப்பட்டது. 1890இல் ஹால்ஸ்டெட்டும் கரோலினும் மணம் புரிந்துகொண்டனர்.

படிப்படியாய் வளர்ந்த துணிவு

அன்றைய அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்ற பலர், போதிய நேரடிப் பயிற்சி இன்றியே கத்தியைக் கையிலெடுத்தனர். சிலர் அளவற்ற அச்சத்தால் தயங்கினர். சிலர் அறியாமையால் துணிந்தனர். இரண்டும் நோயாளிக்குத் தீங்கே. ஐரோப்பாவில் தாம் கண்ட பயிற்சி முறையை நினைவிற்கொண்ட ஹால்ஸ்டெட், ஜான்ஸ் ஹாப்கின்ஸில் உறைவிட மருத்துவர் பயிற்சியை நிறுவினார்.

அம்முறையில் இளம் மருத்துவர் மருத்துவமனையிலேயே தங்கிக் கற்றார். தொடக்கத்தில் நோயாளிகளைப் பார்த்தல், குறிப்பெடுத்தல், காயங்களுக்குக் கட்டுப்போடுதல் ஆகியவையே அவருக்குரிய பணிகள். பின்னர் அறுவையில் உதவினார்; அதன்பின் மூத்தவரின் பார்வையில் சிறு அறுவைகளைத் தாமே செய்தார். தேர்ச்சி பெறப்பெறப் பொறுப்பு கூடியது; பொறுப்பு கூடக்கூட மேற்பார்வை சிறிது சிறிதாக விலகியது. முடிவில் தலைமை உறைவிட மருத்துவராக நின்றவர், கடினமான அறுவைகளையும் தாமே முன்னின்று செய்யும் ஆற்றல் பெற்றார். இப்பயணம் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் நீண்டது. 1904இல் தாம் பயின்ற யேலில் ஆற்றிய உரையில் இப்பயிற்சியின் இன்றியமையாமையை ஹால்ஸ்டெட் விளக்கினார்.

இம்முறையில் குறைகளும் இருந்தன. பலர் நுழைந்தாலும் உச்சியை எட்டியவர் மிகச் சிலரே. பயிற்சிக் காலமும் கடுமையானது. பிற்காலத்தவர் அக்கடுமையைக் குறைத்துப் பலரும் நிறைவு செய்யும் வகையில் அதனைத் திருத்தியமைத்தனர். எனினும், அறிவும் பயிற்சியும் பொறுப்பும் ஒருங்கே வளர வேண்டும் என்னும் அடிப்படை மாறவில்லை. அவரிடம் தலைமை உறைவிட மருத்துவர்களாகப் பயின்ற 17 பேருள் பலர், பிற நகரங்களுக்குச் சென்று இம்முறையைப் பரப்பினர். மூளை அறுவை மருத்துவத்தில் புகழ்பெற்ற ஹார்வி குஷிங், வால்டர் டேண்டி ஆகியோர் ஹால்ஸ்டெட்டிடம் பயிற்சி பெற்றவர்களே.

வழிகாட்ட எவருமின்றித் தம் உடலில் தாமே ஊசியேற்றிக்கொண்ட இளைஞர், தம் மாணவர் ஒவ்வொருவர் அருகிலும் ஒரு மூத்தவர் நிற்கும்படி செய்த ஆசிரியராக மாறினார். அவரது வாழ்வின் ஆழ்ந்த பொருள் இம்மாற்றத்தில் அடங்கியுள்ளது.

காலம் கடந்து வந்த பாராட்டு

நரம்பை மரக்கச் செய்யும் முறை பரவியபோது, அதன் முன்னோடி யார் என்பதை உலகம் ஏறத்தாழ மறந்தது. ஹால்ஸ்டெட்டும் அதுபற்றி உரிமை பேசவில்லை. தம் வாழ்வின் இருண்ட நாள்களோடு பிணைந்திருந்த அக்கண்டுபிடிப்பைக் குறித்து அவர் பெரும்பாலும் மௌனம் காத்தார். 1922ஆம் ஆண்டு, அமெரிக்கப் பல் மருத்துவர்கள் அவரைத் தேடிச் சென்று, பால்டிமோரில் நிகழ்ந்த பாராட்டு விருந்தில் தங்கப்பதக்கம் வழங்கிச் சிறப்பித்தனர். 1840இல் உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி தோன்றிய நகரம் பால்டிமோர் என்பது இங்கு எண்ணத்தக்கது. 38 ஆண்டுகள் கழித்து வந்த அப்பாராட்டு அவருக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது.

அவ்வாண்டே அவர் பித்தநாளக் கற்களால் நோயுற்றார். அவரிடம் பயின்ற மாணவர்களே அவருக்கு அறுவை செய்தனர். தாம் பயிற்றுவித்த கைகளிடம் தம் உயிரையே ஒப்படைத்தார் ஆசிரியர். எனினும், அறுவைக்குப் பின் நேர்ந்த சிக்கல்களால் 1922 செப்டம்பர் 7ஆம் நாள், எழுபதாம் அகவை நிறைவதற்குச் சில நாள்களே இருந்த நிலையில், அவர் மறைந்தார்.

தொடரும் ஒளி

கொக்கெயின் இன்று பல் மருத்துவரின் ஊசியில் இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புரோக்கெயின் என்னும் பாதுகாப்பான மருந்து வந்தது. 1943இல் ஸ்வீடன் நாட்டில் லிடோக்கெயின் உருவாக்கப்பட்டது; இன்று பல் மருத்துவமனைகளில் பரவலாகப் பயன்படுவது அதுவே. மருந்து மாறியது, நரம்பைத் தேடிச் செல்லும் வழியின் அடிப்படை மாறவில்லை.

மேல்தாடை எலும்பு நுண்துளைகள் மிக்கது. ஆதலால், அங்கே பல்லின் வேருக்கு அருகில் மருந்தைச் செலுத்தினாலே பெரும்பாலும் போதுமானது. கீழ்த்தாடையின் பின்பகுதி எலும்போ கெட்டியானது. மருந்து அதனை எளிதில் ஊடுருவாது. அங்கே ஹால்ஸ்டெட் காட்டிய வழியே துணை. பல் மருத்துவ மாணவர் முதலில் மண்டையோட்டைக் கையிலெடுத்து நரம்பு நுழையும் துளையைக் கண்டறிகிறார். பின்னர் மாதிரி உருவத்தில் ஊசி பிடித்துப் பழகுகிறார். பல நாடுகளில் மாணவர்கள் ஒப்புதலுடன், ஆசிரியர் முன்னிலையில், ஒருவருக்கொருவர் ஊசி போட்டுக் கற்பதும் உண்டு. அதனால் நோயாளி உணர்வது யாது என்பதை அவர்கள் தாமே உணர்கின்றனர். அதன் பின்னரே நோயாளியிடம் செல்கின்றனர்.

அங்கே கட்டைவிரலால் தாடை எலும்பின் முன்விளிம்பைத் தொட்டு அடையாளம் காண வேண்டும். ஊசி ஏறத்தாழ 20 முதல் 25 மில்லிமீட்டர் ஆழம் சென்று எலும்பை மெல்லத் தொட்டதும், அதனைச் சற்றே பின்னிழுக்க வேண்டும். ஊசி முனை குருதிக்குழாய்க்குள் இல்லை என்பதை உறிஞ்சிப் பார்த்து உறுதி செய்த பின்னரே மருந்தை மெதுவாகச் செலுத்த வேண்டும். இவ்வொழுங்கில் ஒவ்வொரு படியும் மாணவரின் அச்சத்தை ஓரளவு குறைக்கிறது. அடுத்துச் செய்ய வேண்டியது இன்னதென்று அறிந்த கை நடுங்குவதில்லை. அனுபவம் மிக்கவர்க்கும் முதல் ஊசி சில நேரங்களில் பயனளிப்பதில்லை. அப்போது பதறாமல் காரணத்தைத் தேடி மீண்டும் முயல்வதும் அப்பயிற்சியின் ஒரு பகுதியே.

தன்னம்பிக்கை என்பது அச்சமே அறியாத நிலை அன்று. கற்ற அறிவு, பழகிய கை, அருகில் நிற்கும் ஆசிரியர், எதிரில் இருப்பவரின் வலியை எண்ணும் உள்ளம் ஆகியவை கூடி, அச்சத்தை மெல்ல மெல்லக் கவனமாக மாற்றுகின்றன. அக்கவனமே நடுங்காத கையை உருவாக்குகிறது. தாம் பட்ட துன்பத்தைப் பிறர் படாதவாறு கற்பிக்கும் வழியை விட்டுச் சென்ற ஹால்ஸ்டெட், மருத்துவம் பயிலும் ஒவ்வொரு மாணவரின் முதல் ஊசியிலும் வாழ்ந்துகொண்டிருக்கிறார்.

கற்பவை கற்றபின்

1. அறியாமையால் வரும் துணிவு, பயிற்சியால் வரும் துணிவு ஆகியவற்றின் வேறுபாட்டை ஹால்ஸ்டெட்டின் வாழ்வைக் கொண்டு விளக்கி வகுப்பறையில் உரையாற்றுக.

2. உமது ஊரில் தச்சு, நெசவு, மருத்துவம், இசை முதலிய துறைகளுள் ஒன்றில் தேர்ந்தவரைச் சந்தித்து, அவர் தம் தொழிலைப் படிப்படியாகக் கற்ற முறையைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

3. ஆய்வின் பொருட்டு மனித உடலில் சோதனை செய்யும்போது பின்பற்ற வேண்டிய நெறிகள் யாவை எனக் குழுவாகக் கலந்துரையாடுக.